பெட்டியில் 4.5, குழலில் 5.5: நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். மேலே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. அதனால் அவற்றையே சேர்த்து எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, இளவேனில் வாலறிவன் போட்டியில் சுட்டதைப் பார்த்த நாளிலிருந்து துப்பாக்கி சுடுதலில் ஆசை. எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடையில் 9,500 ரூபாய் கொடுத்து ஒரு ஏர்கன் (காற்றழுத்தத்தில் 'பெல்லட்' என்ற சிறு குண்டைச் சுடும் துப்பாக்கி) வாங்கினேன். பெட்டியில் 4.5 மி.மீ. என்று ஸ்டிக்கர் இருந்தது. லைசென்ஸ் தேவையில்லை என்று கடைக்காரரும் சொன்னார். கிளப்பில் பயிற்சியாளர் பார்த்துவிட்டு, "இது 5.5. இதை இங்கே கொண்டுவராதீர்கள்" என்று சொல்லிவிட்டார். கடையில் போய்க் கேட்டால், "பெட்டி மாறிப்போச்சு சார், ரெண்டும் ஒண்ணுதான். 5.5 பெல்லட் ரெண்டு டப்பா சும்மா தர்றேன்" என்கிறார். பில்லில் 'ஏர்கன்-1' என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு தந்தை, தென் மாவட்டத்திலிருந்து

பதில்: இரண்டும் ஒன்றே இல்லை. அந்த இரண்டு டப்பா பெல்லட்டைத் தயவுசெய்து வாங்கிக்கொள்ளாதீர்கள். வாங்கிவிட்டால் 5.5 என்று தெரிந்தே ஒப்புக்கொண்டதாக நாளைக்கு அவரே சொல்வார்.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போகாமலும், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால்தான் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். இதில் ஒன்று தாண்டினாலும் அது லைசென்ஸ் வாங்க வேண்டிய ஆயுதம். பெட்டியில் என்ன ஒட்டியிருந்தது என்று நீங்கள் விளக்கம் சொல்லலாம், ஆனால் போலீஸ் அளந்து பார்ப்பது குழலைத்தான். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம், பிள்ளைக்காக விளையாட்டுச் சாமான் வாங்கிய அப்பாவை லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவராக நிறுத்திவிடுகிறது. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பெட்டியைப் படித்தீர்கள், கேட்டீர்கள், பதில் வாங்கினீர்கள். அதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்? எனக்குக் கோபம் அந்தக் கடைக்காரர் மேல்தான். துப்பாக்கி விற்கிறவருக்கு இந்த அளவு தெரியாமல் இருக்க வழியே இல்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தத் துப்பாக்கியை இனி யாரும் சுட வேண்டாம். வேறு யாருக்கும் விற்கவோ, இரவல் கொடுக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் கடைக்காரரின் தப்பில் நீங்களும் பங்காளி ஆகிவிடுவீர்கள். பெட்டி, ஸ்டிக்கர், குழல், அதில் பொறித்த எண் இருந்தால் அது, பில் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பயிற்சியாளரிடம் "நான் பார்த்தது 5.5 மி.மீ." என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் உதவத் தயாராக இருந்தால் அவர் கையாலேயே ஒரு சோதனையும் செய்யச் சொல்லுங்கள். 4.5 பெல்லட்டை 5.5 குழலுக்குள் போட்டால் எங்கும் பிடிக்காமல் நழுவி மறுமுனையில் விழுந்துவிடும். அதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு யாரும் மறுத்துப் பேச முடியாது.

அப்புறம் கடைக்கு ஒரு கடிதம். போனில் பேசியது போதாது. எந்தத் தேதியில் என்ன சொல்லி விற்றார்கள், உள்ளே என்ன இருந்தது, துப்பாக்கியைக் கடையே வந்து எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் 7 நாளில் தர வேண்டும் என்று எழுதி, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அதே கடிதத்தின் நகலை உங்கள் காவல் நிலையத்தில் ஒரு மனுவோடு சேர்த்துக் கொடுத்து, மனு பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். போலீஸ் என்றதும் தயக்கம் வரும், எனக்குத் தெரியும். தெரிந்த வக்கீல் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். பொருள் 5.5 என்று தெரிந்ததும் நீங்களாகவே போய்ச் சொன்னீர்கள் என்ற அந்த ஒரு தாள், பின்னால் பிரச்சினை வந்தால் உங்களைக் காப்பாற்றும்.

கடைக்காரர் இறங்கி வரவில்லை என்றால், அவரும் ஒரு லைசென்ஸை வைத்துத்தான் ஆயுதம் விற்கிறார் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். லைசென்ஸ் தேவைப்படும் துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாதவருக்கு விற்றதை மாவட்ட ஆட்சியருக்கு எழுதினால், அவருடைய கடையே கேள்விக்குள்ளாகும். இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம், கடிதத்தின் கடைசி வரியாக அமைதியாக எழுதுங்கள். பெரும்பாலும் அந்த வரியிலேயே பணம் திரும்பி வரும். பணம் வாங்கும்போது, "இன்ன எண்ணுள்ள துப்பாக்கியைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்" என்று கடை முத்திரையோடு எழுதி வாங்காமல் பொருளைக் கையை விட்டு விடாதீர்கள். பதிலுக்கு வேறொன்று தருகிறேன் என்றால், புது பில், அதில் 4.5 மி.மீ. என்ற வார்த்தை, இரண்டும் இருந்தால் மட்டும் சரி. மகளுக்கு எது ஏற்றது என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 4.5 மட்டும்தான் உண்டு.

இனி 'ஏர்கன்-1' என்ற அந்த பில்லைப் பற்றி. இதில் எனக்குப் பல வருட ஆற்றாமை இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019-இல் நானும் என் மனைவியும் இன்வெர்ட்டருக்கு ஒரு பாட்டரி வாங்கினோம். 150 ஏ.எச். (எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) என்று ஸ்டிக்கர். மின்சாரம் போன இரண்டாவது மணி நேரத்திலேயே ஃபேன் நின்றது. மெக்கானிக் வந்து ஸ்டிக்கரின் ஓரத்தைப் பெயர்த்தார், அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் 100. பில்லை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். பில்லில் 'பாட்டரி-1' என்று இருந்தது. "நாங்க 100 தானே சார் கொடுத்தோம், பில்லுல 150-ன்னு எங்க இருக்கு?" என்றார் முதலாளி. ஸ்டிக்கரை நாங்களே ஒட்டியிருக்கலாம் என்றும் சொன்னார். எங்கள் கையில் ஒன்றும் இல்லை. என் மனைவி அந்தக் கடை வாசலில் கண்கலங்கி நின்றது இன்றும் என் நினைவில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். பெட்டியில் உள்ளது கம்பெனியின் பேச்சு, பில்லில் உள்ளது கடையின் பேச்சு. வழக்கென்று வந்தால் இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடை தரும் பில்லில் பொருளின் விவரமும் எண்ணிக்கையும் இருந்தாக வேண்டும் என்பது விதி. மாடல், அளவு, சீரியல் எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். 'எஸ்டிமேட்' என்று துண்டுச் சீட்டு கொடுத்தால் வாங்காதீர்கள், அது பில்லே இல்லை. மெஷினில் அடித்துத் தரும் பில் ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும், அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். "கூட்டமா இருக்கு சார், அப்புறம் வாங்க" என்பார்கள். நில்லுங்கள். உங்கள் பணத்தை எண்ணி வாங்க நேரம் இருந்தவருக்கு நாலு வார்த்தை எழுதவும் நேரம் இருக்கும்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய ஏர்கன் 3,000 ரூபாய்க்குத் தருகிறார். பில், பெட்டி எதுவும் இல்லை. வாங்கலாமா?
- பொள்ளாச்சி வாசகர்

பதில்: வேண்டாம்.

கேள்வி: தோட்டத்தில் மயில் தொல்லை தாங்கவில்லை. 4.5 ஏர்கன்னுக்குத்தான் லைசென்ஸ் வேண்டாமே, அதை வைத்து விரட்டலாமா?
- விவசாயி, திருப்பூர் மாவட்டம்

பதில்: கூடாது. லைசென்ஸ் வேண்டாம் என்பதற்கு எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று அர்த்தமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பயிர்ச் சேதம் எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குப் புரிகிறது. சேதத்தைத் தேதியோடு படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

கேள்வி: வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தில் பேத்தியின் காதுகுத்துக்கு 4 கிராமில் தோடு வாங்கினேன். 916 என்றார்கள். அவசரத்துக்கு அடகு வைக்கப் போனபோது, "இது 916 இல்லைம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முத்திரை இருக்கிறது. படிக்காதவள் நான், எங்கே போய்க் கேட்பது?
- ஒரு பாட்டி, விழுப்புரம் (பேரன் எழுதிக் கொடுத்தது)

பதில்: அம்மா, நீங்கள் ஏமாந்தது படிப்பில்லாததால் இல்லை. படித்தவர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். தம்பி, இனி நீ செய்ய வேண்டியது. தோட்டின் உள்பக்கம் லென்ஸ் வைத்துப் பார். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரை, 22கே916, அதோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு, மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறு இலக்கம் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் எந்த நகை, எந்தத் தரம், எந்தக் கடை பதிவு செய்தது என்று காட்டும். 'தோடு' என்பதற்குப் பதில் 'மோதிரம்' என்று வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ முத்திரையே போலி. அந்த ஆப்பிலேயே புகார் கொடுக்கலாம்.

முத்திரை நிஜம், தங்கம்தான் குறைவு என்றால், அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் சோதித்து ரிப்போர்ட் வாங்குங்கள். குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் கடை தர வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதி. அடகுக் கடைக்காரர் உரசிப் பார்த்துச் சொன்னது மட்டும் போதாது, அந்த ரிப்போர்ட் அவசியம். எதில் தடங்கல் வந்தாலும் மறுபடி எழுதுங்கள், இந்தக் கடிதத்தை நான் மூடி வைக்க மாட்டேன்.

கேள்வி: "ஆர்ட் சில்க்" என்றால் கலைநயமுள்ள பட்டு என்று நினைத்து 6,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். பட்டே இல்லையாம். பில்லில் 'ஆர்ட் சில்க் சேலை' என்று தெளிவாக இருக்கிறது. கேஸ் போடலாமா?
- மதுரை வாசகி

பதில்: 'ஆர்ட்டிஃபிஷியல்' என்பதன் சுருக்கம் அது, செயற்கை இழை. கடை எழுதியது பொய் இல்லை என்பதால் கேஸ் நிற்பது கஷ்டம். விற்பனையாளர் வாயால் 'சுத்தப் பட்டு' என்று சொல்லியிருந்து, அதைக் கேட்ட சாட்சி இருந்தால் முயன்று பார்க்கலாம்.

அடுத்த முறைக்கு: மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் வரும் 'சில்க் மார்க்' அட்டை சேலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது பட்டு சுத்தம் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். ஜரிகைக்கும் இல்லை, கைத்தறி என்பதற்கும் இல்லை. முந்தானை ஓரத்தில் ஒரு இழையை எடுத்துக் கொளுத்தினால், நிஜப் பட்டு முடி கருகும் வாடையடித்து, சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாகிவிடும். என் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கூறைப்புடவையில் இந்த மணியைப் பார்த்தது எங்கள் அம்மாதான். கல்யாணம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

கேள்வி: ஆஃபரில் 5 ஸ்டார் ஏ.சி. வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய அதே அளவு 5 ஸ்டாரை விட எனக்குக் கரண்ட் பில் அதிகம். லேபிளில் காலம் 2022 ஜூனில் முடிந்ததாக இருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தேன். கடை ஏமாற்றிவிட்டதா?
- தாம்பரம்

பதில்: 2022 ஜூலையில் ஏ.சி.க்கான ஸ்டார் கணக்கு மாறியது. அதற்கு முன் 5 ஸ்டார் வாங்கியது, புதுக் கணக்கில் 4 ஸ்டார். லேபிள் எந்தக் காலத்துக்கு என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது, உங்கள் ஏ.சி.யிலும்தான். 40,000 ரூபாய் கொடுக்கும்போது அரை நிமிடம் நின்று அந்த வரியைப் படித்திருக்க வேண்டும். வாங்கிய பிறகு படித்துவிட்டு எனக்கு எழுதுவதில் பயன் இல்லை. கடை அந்தத் தேதியை மறைத்து மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ரோட்டோரம் 250 ரூபாய்க்கு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் கிடைக்கிறது. நம்பலாமா?

பதில்: முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பார்த்து, பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். எண் இல்லையென்றால் தலையில் வைக்காதீர்கள்.

கேள்வி: 1,800 ரூபாய் மிக்ஸி ஜாருக்கு, அதுவும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லிலேயே அடித்திருக்கும்போது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவது வீண் அலைச்சல் இல்லையா? விரிசல் விட்ட ஜாரைக் கொடுத்துவிட்டு மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள்.
- கும்பகோணம் வாசகர்

பதில்: அந்த வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதே நேர்மையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் சொல்லும் கன்ஸ்யூமர் கோர்ட். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியவும் வழி இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் பொருளை வாங்கி 19 நாள்தான் ஆகிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே கடைக்கு எழுதுங்கள்.