ஐ.டி.ஐ. முடித்தும் வேலை தள்ளிப்போகிறதா? கேள்வி பதில்

கேள்வி: ஃபிட்டர் டிரேடில் 85 சதவீதம் வாங்கியும் மூன்று கம்பெனியில் கழித்துவிட்டார்கள். இங்கிலீஷ் வராததுதான் காரணமா சார்?

பதில்: ஷாப் ஃப்ளோர் (தொழிற்கூட) வேலைக்கு இங்கிலீஷ் அவ்வளவு பெரிய தடை இல்லை. கையில் மைக்ரோமீட்டரை (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) கொடுத்து ஒரு பின்னை அளக்கச் சொல்வார்கள், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். திம்பிளை (அதில் சுழலும் உறை) ஒரு சுற்று சுற்றினால் 0.5 மி.மீ., அதில் 50 கோடு, ஆக ஒரு கோடு 0.01 மி.மீ. ஸ்லீவில் (சுழலாத உறை) அரை மி.மீ. கோடு வெளியே தெரிவதைக் கவனிக்காவிட்டால் 7.80 என்பதை 7.30 என்று சொல்லிவிடுவீர்கள். அளக்கும் முன் ஜீரோ எர்ரர் (மூடிய நிலையில் பூஜ்ஜியம் காட்டாத பிழை) பார்க்காததும், நுனியில் உள்ள ராட்செட் குமிழை விட்டுத் திம்பிளை இறுக்குவதும் கேட்பவர் கண்ணில் உடனே படும்.

அடுத்து டேப்பிங், அதாவது துளைக்குள் மரை வெட்டுவது. எம்10 (10 மி.மீ.) மரைக்கு என்ன டிரில்? பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்) 1.5, பத்தில் கழித்தால் 8.5 மி.மீ. வரைபடத்தில் 50 ± 0.1 என்றிருந்து வேலை 50.12 வந்தால் அது ரிஜெக்ட். "கொஞ்சம்தானே சார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தேர்வுக்குப் படித்த மதிப்பெண் இதற்கெல்லாம் கைகொடுக்காது. பழைய ஐ.டி.ஐ. ஒர்க்‌ஷாப்பில் அனுமதி கேட்டு ஒரு வாரம் அளந்து பழகுங்கள்.

கேள்வி: மார்க் ஷீட்டில் இனிஷியலோடு பெயர், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. பிரச்சினை வருமா?

பதில்: இன்டர்வியூவில் வராது, சேரும் நாளில் வரும். பி.எஃப். கணக்கு ஆதார் பெயரில்தான் திறக்கும். பான் கார்டு, வங்கிக் கணக்கு வேறு பெயரில் இருந்தால் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) நிற்கும், பிறகு பணம் எடுக்க அலைச்சல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மூலமாக வைத்து முதலில் ஆதார், பிறகு பான், கடைசியில் வங்கி என்று மாற்றுங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அதனால் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகே கொடுங்கள். மார்க் ஷீட்டிலேயே தவறு என்றால் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரிடமிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நாளாகும், வேலை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: அப்ரண்டிஸாக (தொழிற்பயிற்சிக்கு) போவது ஒரு வருடம் வீணா? காண்ட்ராக்டில் இதைவிட அதிகம் தருகிறார்களே.

பதில்: ஆர்டரைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தவர் என்றால் ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகியிருக்கும். முடிவில் தேர்வு எழுதித் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கலாம். ரயில்வே லெவல் 1 (அடிப்படை நிலை) பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வே நிறுவனங்களில் இப்படி அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. போர்ட்டலில் பதிவு செய்யாமல் வெறும் "டிரெய்னி" என்று கடிதம் கொடுத்தால் இதில் எதுவும் கிடைக்காது. ஒரு வருடம் குறைந்த பணத்துக்கு வேலை பார்த்ததுதான் மிச்சம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கம்பெனி உங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பி.எஃப்.பும் கிடையாது. வீட்டுக்கு இப்போதே சம்பளம் தேவை என்றால் காண்ட்ராக்ட் தவறில்லை. ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று முதல் மாத ஸ்லிப்பிலேயே பாருங்கள்.

கேள்வி: கன்சல்டன்சியில் 5,000 ரூபாயும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கேட்கிறார்கள்.

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும்.

கேள்வி: எலெக்ட்ரீஷியன் முடித்தேன், மெடிக்கலில் நிறப்பார்வைக் குறை என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில்: ஒயர் நிறம் பார்த்துச் செய்யும் வேலை, அதனால் தளர்த்த மாட்டார்கள். ரயில்வே லோகோ பைலட் வேலைக்கும் இதே நிலைதான். நிறம் முக்கியமில்லாத அசெம்பிளி, ஸ்டோர்ஸ் வேலைகளுக்கு விண்ணப்பியுங்கள். டிரேடைத் தேர்ந்தெடுக்கும்போதே இஷிஹாரா என்ற நிறப்பார்வைச் சோதனை செய்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். தம்பி, தங்கைகளுக்காவது சொல்லுங்கள்.

கேள்வி: முடித்து இரண்டு வருடம் கேப். அனுபவச் சான்றிதழ் ஒன்று "ஏற்பாடு" செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காலத்தில் பி.எஃப். பதிவு இல்லை என்பது சரிபார்ப்பில் தெரிந்துவிடும், சேர்ந்த பிறகும் வெளியே அனுப்பலாம். மாமா கடையில் மோட்டார் ரீவைண்டிங் செய்திருந்தால் அதையே எழுதுங்கள்: எத்தனை எச்.பி. மோட்டார், என்ன கேஜ் கம்பி என்று. அவர்கள் அதிலிருந்தே கேள்வி கேட்பார்கள், உங்களுக்கும் பதில் தெரியும்.