14 முட்டையில் 3 கருதான்: மிச்சம் எங்கே போனது?

உப்புவெளி வாசகிக்கு,

உடலுக்கு வெளியே கருக்கட்டும் ஐவிஎஃப் சிகிச்சையில் 14 முட்டை எடுத்து 3 கரு மட்டும் தேறியது ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து, கொழும்பு கிளினிக்கில் ஏதோ தில்லுமுல்லு நடந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் றிப்போர்ட்டிலேயே பதில் இருக்கிறது.

எடுத்த 14இல் முதிர்ந்தவை 11. சுற்றியுள்ள செல்களை நீக்கிவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது, ஓரத்தில் துருவ உடல் எனும் சிறு உருண்டை தெரிந்தால்தான் அது முதிர்ந்த முட்டை. அந்த 11 முட்டைகளுக்குள்ளும் ஒவ்வொரு விந்தணுவை ஊசியால் செலுத்தியிருக்கிறார்கள். 16 முதல் 18 மணித்தியாலத்துக்குள் திரும்பப் பார்க்கும்போது உள்ளே இரண்டு வட்டங்கள் தெரிய வேண்டும். ஒன்று தாயின் மரபுப்பொருள், மற்றது தந்தையினது. ஒன்றோ மூன்றோ தெரிந்தால் அது வழமையான கருக்கட்டல் அல்ல. உங்களுக்கு 8 சரியாக வந்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த 8 எப்படி 3 ஆனது? முதல் மூன்று நாள் கரு ஓடுவது முட்டை கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றில். மூன்றாம் நாள், ஆறு தொடக்கம் எட்டு செல் ஆகும் கட்டத்தில், அது தன் சொந்த மரபணுக்களை இயக்கியாக வேண்டும். குரோமோசோம் எண்ணிக்கை பிழைத்த கருக்களில் பல அங்கேயே நின்றுவிடும். ஐந்தாம் நாள் உள்ளே நீர் நிறைந்த குழியோடு நிற்பதுதான் பிளாஸ்டோசிஸ்ட். கருக்கட்டியவற்றில் பாதியோ அதற்கு மேலோ அந்த இடத்துக்கு வராமல் போவது சாதாரணம். நின்றுபோனதை யாரும் உறையவைத்துக் காப்பாற்றியிருக்க முடியாது.

தாளில் கருவின் தரமாக உள்ள ‘4பிபி’ பரீட்சைப் புள்ளி இல்லை. 4 என்பது கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது, முதல் பி குழந்தையாகும் உட்செல்கள், அடுத்த பி நச்சுக்கொடியாகும் வெளிச்செல்கள். இணையத்தில் யாரோ ‘பிபி தேறாது’ என்று எழுதினால் அழ வேண்டாம். அந்தத் தரத்திலும் சுகமான பிள்ளைகள் பிறக்கிறார்கள். கரு மாறிப்போனதோ என்ற சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு படியிலும் பெயரை இரண்டாவது ஆள் சரிபார்த்த பதிவைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கருப்பையில் வைத்த கரு பஸ் குலுக்கலில் விழாது. ஒரு துண்டு பப்பாசியாலும் ஒன்றும் ஆகாது. இப்போதே வீட்டில் சலப் பரிசோதனை வேண்டாம், முட்டை முதிரப் போட்ட ஊசியே பொய்யாக இரட்டைக் கோடு காட்டலாம்.

கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, வயிறு ஊதிப் பாவாடை இறுகுகிறது, மச்சாள் பார்மசியில் சலக்குளிசை (சலத்தைக் கூடுதலாகப் போக்கும் குளிசை) வாங்கித் தந்தா என்று! அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் குளிசையை இன்றே நிறுத்துங்கள். தூண்டப்பட்ட சூலகங்களால் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்குகிறது. இரத்தம் ஏற்கெனவே தடித்திருக்க, சலக்குளிசை இன்னும் நீரை இறக்கி, இரத்தம் உறையும் ஆபத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் கூட்டும். நோவுக்குப் பரசிற்றமோல் போதும். டைக்குளோபெனக், இபுபுரூபன் கூடாது. கருவைத் தாங்கக் கருப்பைக்கு உதவும் ஹோர்மோன் மருந்தாகக் கிளினிக்கில் தந்த புரொஜெஸ்ரரோனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தினமும் காலையில் சலம் கழித்தபின், சாப்பிடுமுன் நிறை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, சலம் குறைந்து கடும் நிறமானாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஒரு கால் அல்லது கழுத்து வீங்கினாலோ, ஒரு பக்க வயிறு திடீரென்று தாங்க முடியாமல் வலித்தாலோ, கொழும்புக்குப் போன் எடுத்துக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் திருகோணமலை பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாசலிலேயே ‘ஐவிஎஃப் செய்தது, 14 முட்டை எடுத்தது, இன்ன திகதியில் கரு வைத்தது’ என்று சொல்லி, போட்ட ஊசிகளின் பட்டியலைக் கையில் கொடுங்கள். சொல்லாவிட்டால் வெறும் வாயுக் கோளாறு என்று மருந்தெழுதி அனுப்பிவிடக்கூடும்.