மருத்துவர் பதில்: மூன்றாம் நாளில் ஸ்டீராய்டு எதற்கு?

தேவகோட்டை வாசகி: கணவருக்கு 67 வயது, சுகர் உண்டு. மூன்று நாளாகக் காய்ச்சல், கொரோனா பாசிட்டிவ். ஆக்சிஜன் 97. வாசனை தெரியவில்லை, வயிற்றுப்போக்கு, அசதி. இந்தக் கிருமி எதிர்ப்பு சக்திக்கே தெரியாமல் ஒளிந்துகொள்ளுமாமே? மெடிக்கலில் தந்த டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நேற்று ஒன்று கொடுத்தேன். 2021இல் என் கொழுந்தனார் ஒரு வாரம் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று போய்ச் சேர்ந்தார்.

ஆச்சி, அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். ஒன்று சாப்பிட்டதால் குடி முழுகிவிடாது; ஆனால் அது சுகரை ஏற்றும், இன்றும் நாளையும் கட்டாயம் பாருங்கள்.

ஒளிந்துகொள்வது உண்மைதான். வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ தென்பட்டதும் செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். கொரோனா இதைத்தான் குறிவைக்கிறது. இரட்டைச் சவ்வுப் பைகளுக்குள் மறைவாகப் பெருகும். என்எஸ்பி1 என்ற புரதத்தால் செல்லின் புரத உற்பத்தியை முடக்கும். ஓஆர்எஃப்6 என்ற இன்னொன்றால் இன்டர்ஃபெரான் சேதி உட்கருவுக்குள் போகாமல் மறிக்கும். அப்படியும் பெரும்பாலோரிடம் உடம்புதான் ஜெயிக்கிறது. சிலரிடம், முக்கியமாக வயதானவர்களிடம், இன்டர்ஃபெரான் தாமதமாகிறது. அதற்குள் கிருமி பரவிவிட, பிந்தி எழும் அழற்சி நுரையீரலையே புண்ணாக்குகிறது. உங்கள் கொழுந்தனாரின் அந்த ‘நல்ல’ வாரம் இப்படிக் கழிந்திருக்கலாம்.

ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும்; இந்த நேரத்தில் அதைக் கொடுத்தால், தடுக்கப் போகிறவனின் கையை நாமே கட்டுகிறோம். 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தவர்களிடையே சாவை டெக்ஸாமெதசோன் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. சுகர்காரருக்கு இதைச் சீட்டில்லாமல் எடுத்து நீட்டுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சுகரோடு ஸ்டீராய்டும் சேர்ந்து, கருப்புப் பூஞ்சையில் கண் போனவர்களை 2021இல் பார்த்தோமே, மறந்துவிட்டதா?

வாசனை போனது, வயிற்றுப்போக்கு, அசதி எதற்கும் பயம் வேண்டாம். தண்ணீர், கஞ்சி தாராளமாகக் கொடுங்கள். எதிர்ப்பு சக்திப் பொடிக்குக் காசைக் கொட்டாதீர்கள். அவர் வயதுக்கும் சுகருக்கும், முதல் 5 நாளுக்குள் தொடங்க வேண்டிய வைரஸ் தடுப்பு மருந்து தேவையா என்று பார்க்க வேண்டும். அதனால் இன்றே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று: காய்ச்சல் தொடங்கி 5ஆம் நாள் முதல் 10ஆம் நாள் வரை ஆக்சிஜன் அளவு. உட்கார்ந்து பார்த்தால் மட்டும் போதாது. உட்கார்ந்தபடி 94 அல்லது அதற்கு மேல் இருந்தால், காலையும் மாலையும் வளவுக்குள்ளேயே, நீங்கள் கூடவே இருக்க, அவரை 3 நிமிடம் நடக்க வையுங்கள். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி இல்லாத விரலில் கருவியை மாட்டி, எண் நிலைத்து நிற்கும்வரை பாருங்கள். 94க்குக் கீழே போனாலோ, நடந்தபின் 3, 4 புள்ளி இறங்கினாலோ, அவர் “எனக்கு ஒன்றும் இல்லை” என்று சொன்னாலும் கேட்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இந்த நோயில் மூச்சு வாங்காமலே ஆக்சிஜன் இறங்கலாம். பேச்சில் தடுமாற்றம், உதட்டில் நீலம் தெரிந்தால் அளந்துகொண்டிருக்கவே வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், நடு இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.