பிலிப்பைன்ஸ் மக்களின் பாரம்பரிய உணவுகள் எவை? அவற்றில் என்னென்ன சேர்க்கிறார்கள்? நம் வீட்டில் செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம். வேண்டிய பொருள்களில் பாதிக்கு மேல் நம்மூர்ச் சந்தையிலேயே கிடைக்கின்றன: தேங்காய், புளியங்காய், முருங்கைக்கீரை, வாழைப்பூ, சேம்பு, பாகற்காய், காராமணிக்காய். ஆனால் பொருள்தான் தெரிந்ததாயிற்றே என்று குழம்பு வைக்கிற கையோடு இறங்கினால் சரியாக வராது. அந்தச் சமையலில் மல்லித்தூள், சீரகம், கரம்மசாலா எதற்கும் வேலை இல்லை. ருசியைத் தாங்கி நிற்பவை இரண்டு: புளிப்பும், நொதிக்கவைத்த உப்பும். எந்தப் புளிப்பு, அதை எந்த நேரத்தில் விடுகிறோம் என்பது பிடிபட்டுவிட்டால் முக்கால்வாசிச் சமையல் கைக்கு வந்துவிடும்.

முதலில் உப்பைப் பார்த்துவிடலாம். மீனையோ கூனி இறாலையோ நிறைய உப்போடு பிசறி ஜாடியில் மாதக்கணக்கில் போட்டுவைப்பார்கள். அடியில் தங்கும் விழுதுக்குப் பகோங் என்று பெயர். மேலே தெளிந்து நிற்கும் தேன் நிறச் சாறு பாதிஸ். பகோங்கிலும் இரண்டு வகை. கூனி இறாலில் செய்வது பகோங் அலமாங், சிறு மீனில் செய்வது பகோங் இஸ்தா. இவற்றோடு சீனர்கள் வழியாக வந்த சோயா சாஸும் உண்டு. இந்த மூன்றில் ஒன்று விழும் எந்தச் சட்டியிலும் தூள் உப்பைக் கடைசியில் ருசி பார்த்த பிறகுதான் போட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அதோபோ

பிலிப்பைன்ஸ் என்றதும் முதலில் சொல்லப்படும் உணவு இது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அந்தத் தீவுகளில் இறைச்சியை வினிகரிலும் உப்பிலும் வேகவைக்கும் பழக்கம் இருந்தது. வெயில் நாட்டில் இறைச்சி கெடாமல் இருக்க அதுதான் வழி. ஸ்பானியர்கள் தங்கள் ஊரில் இறைச்சியை ஊறவைக்கும் முறையின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பெயர் மட்டும்தான் ஸ்பெயினுடையது. 2021இல் அந்நாட்டு வணிகத் துறை அதோபோவுக்கு ஒரு தர அளவு வகுக்கப்போவதாக அறிவித்தபோது மக்களிடம் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. வீட்டுக்கு வீடு அளவு வேறுபடும் உணவு என்பதால் அந்தக் கோபம் நியாயமானதே.

ஒரு கிலோ எலும்போடு கூடிய கோழிக்கு: வினிகர் அரை கப், சோயா சாஸ் மூன்றில் ஒரு கப், தட்டிய பூண்டு பத்துப் பல், முழு மிளகு ஒரு தேக்கரண்டி, லாரல் இலை மூன்று, தண்ணீர் ஒரு கப். சோயா சாஸிலும் பூண்டிலும் கோழியை அரை மணி நேரம் ஊறவைத்து, கொஞ்சம் எண்ணெயில் தோல் பக்கம் பொன்னிறமாகும்வரை வாட்டுங்கள். ஊறிய சாறு, தண்ணீர், மிளகு, இலை சேர்த்து மூடி இருபது நிமிடம் வேகவிடுங்கள். பிறகு வினிகரை மேலாக ஊற்றுங்கள். மூடியைப் போடாதீர்கள், கரண்டியையும் விடாதீர்கள். அப்படியே ஐந்தாறு நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஆரம்பத்தில் எழும் ஆவி மூக்கில் ஏறும், கண் கரிக்கும். அந்த நெடி அடங்கி, பூண்டும் மிளகும் மணக்கத் தொடங்கியதும் கிளறலாம். பிறகு சிறு தீயில் பதினைந்து நிமிடம், சாறு சுண்டிக் கோழியில் ஒட்டும்வரை.

மூடி போட்டால் வினிகரின் பச்சைக் காரம் வெளியேற வழியில்லாமல் சாற்றிலேயே திரும்ப விழும். கிளறினால் வினிகர் அடியில் கலந்துவிடும், மேலே நின்றால் சீக்கிரம் ஆவியாகும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டில் மூடியைத் திறந்து வைப்பதுதான் மிக முக்கியம். அலுமினியச் சட்டியும் இரும்புச் சட்டியும் ஆகாது. புளிப்பு பட்டு உலோக வாடை ஏறிவிடும். எவர்சில்வர் அல்லது மண்சட்டி எடுங்கள்.

பொருளில் இரண்டு எச்சரிக்கைகள். அவர்களுடைய வினிகர் தென்னங்கள்ளிலும் கரும்புச் சாற்றிலும் நிப்பா பனையின் பதநீரிலும் புளிக்கவைத்தது. நம்மூர்க் கடைகளில் செயற்கை வினிகர் என்று அச்சிட்டு விற்பது வெறும் அமிலம் கலந்த தண்ணீர், அதில் நாக்கை வெட்டும் காரம் தவிர ஒன்றும் இருக்காது. கோவா அல்லது இலங்கைத் தேங்காய் வினிகர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அடுத்து, லாரல் இலையும் நம் பிரிஞ்சி இலையும் ஒன்றல்ல. இலையைப் புரட்டிப் பாருங்கள்: லாரலில் நடுவே ஒரே நரம்பு ஓடி, அதிலிருந்து பக்க நரம்புகள் பிரியும். பிரிஞ்சி இலையில் காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடும், பட்டை வாசம் அடிக்கும். பிரிஞ்சிதான் இருக்கிறது என்றால் ஒன்று போதும். மூன்று போட்டால் பிரியாணி மணம் வந்துவிடும்.

சோயா சாஸ் இல்லாமல் உப்பு மட்டும் போட்டால் அது அதோபோங் புத்தி, வெள்ளை அதோபோ. இதுதான் பழைய வடிவம். பத்தாங்காஸ் பக்கம் மஞ்சள் சேர்ப்பார்கள், பிக்கோல் பக்கம் தேங்காய்ப்பால். அசைவம் வேண்டாதவர்கள் கங்குங் கீரையை (நம் வள்ளைக்கீரை) இதே முறையில் ஐந்தே நிமிடத்தில் செய்யலாம்.

சினிகாங்

அதோபோவைவிட இதையே அந்த நாட்டு மக்களின் மனசுக்கு நெருக்கமான உணவு என்று சொல்வேன். நம் ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவே ஒரு புளிச்சாறு, பருப்பு மட்டும் இல்லாமல். புளியங்காய்தான் வழக்கம். அது இல்லாத இடத்தில் கொய்யாப்பழம், பச்சை மாங்காய், கேரளத்தில் இரும்பன்புளி என்று சொல்லும் காய் என்று எதுவும் வரும். விசாயாஸ் தீவுகளில் பத்துவான் என்றொரு காய், குடம்புளியின் இனம். இலோய்லோவில் அந்தப் பத்துவானைப் போட்டுத் துவரை, பன்றி இறைச்சி, பலாக்காய் மூன்றையும் வேகவைக்கும் சாறு ஒன்று இருக்கிறது. காத்யோஸ் (துவரை), பாபோய் (பன்றி), லங்கா (பலா) என்ற அவர்கள் மொழிப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துக் கேபிஎல் என்றே அழைப்பார்கள். துவரையும் பலாக்காயும் வாங்கிப் பழகிய நமக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உணவு.

ஒரு கிலோ பன்றி விலா எலும்புக்கு (அல்லது அரை கிலோ இறாலுக்கு) கால் கிலோ புளியங்காய், அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் இரண்டு லிட்டர், தக்காளி இரண்டு, வெங்காயம் ஒன்று, சேப்பங்கிழங்கு நான்கு, முள்ளங்கி ஒன்று, காராமணிக்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய் கைப்பிடி கைப்பிடி, நீளப் பச்சைமிளகாய் இரண்டு, கங்குங் ஒரு கட்டு, பாதிஸ் இரண்டு மேசைக்கரண்டி. புளியங்காயைத் தனியே வேகவைத்து மசித்து வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி கொதிக்கும்போது மேலே வரும் நுரையை முழுக்க எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சாறு கலங்கி நாறும். இறைச்சிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அது வெந்த பிறகு சேப்பங்கிழங்கு. அது குழைந்து சாற்றுக்கு லேசான கனம் தரும்.

புளிச்சாற்றை அதற்குப் பிறகுதான் விட வேண்டும். புளிப்பு பட்ட காய்கறி சீக்கிரம் வேகாது. முதலிலேயே விட்டால் கிழங்கு மணிக்கணக்கில் நறுக்கென்றே நிற்கும். பிறகு முள்ளங்கி, அடுத்து மற்றக் காய்கள், மிளகாயைக் கீறாமல் முழுசாக. கங்குங்கைப் போட்டதும் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். இறாலில் செய்வதானால் அதையும் கடைசி மூன்று நிமிடத்தில் போட்டால் போதும்.

வீட்டில் இருக்கும் பழுத்த புளியைக் கரைத்து விட்டாலும் புளிக்கும்தான். ஆனால் நிறம் கருத்து, இனிப்பு தட்டி, வேறொரு சாறாகிவிடும். புளியங்காய் கிடைக்காத காலத்தில் பச்சை மாங்காய் எவ்வளவோ மேல்.

காரே-காரே

மாட்டுவாலும் குடலும் வேர்க்கடலைச் சாந்தில். இதில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. 1762 அக்டோபரில் மணிலாவைப் பிடித்த ஆங்கிலேயப் படை சென்னையிலிருந்து கப்பலேறியது. அதில் இந்தியச் சிப்பாய்கள் பலர் இருந்தார்கள். 1764இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது சிலர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே காயிந்தா ஊரில் குடியேறிவிட்டார்கள். ‘கறி’ என்ற சொல்தான் காரே-காரே ஆனது என்று அங்கே பலர் சொல்வார்கள். குடியேற்றம் வரலாறு, பெயர்க் காரணம் செவிவழிச் செய்தி, அவ்வளவே.

ஒன்றரைக் கிலோ மாட்டுவாலைச் சட்டியில் மூன்று மணி நேரம், குக்கரில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். வறுத்து அரைத்த வேர்க்கடலை முக்கால் கப், பொன்னிறமாக வறுத்துப் பொடித்த அரிசி கால் கப், அச்சுவேத்தே விதை (ஆங்கிலத்தில் அன்னாட்டோ, நிறத்துக்காகச் சேர்ப்பது) ஒரு மேசைக்கரண்டி. அந்த விதையை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் செங்கல் நிறம் இறங்கும். அரிசி கருகினால் சாந்து கசக்கும். பாட்டிலில் வரும் வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சர்க்கரை சேர்க்காததா என்று பார்த்து வாங்குங்கள். கடலை சேர்த்த பிறகு கையெடுக்காமல் கிளற வேண்டும், அடியில் பிடிக்க அரை நிமிடம் போதும். வாழைப்பூ, கத்தரிக்காய், காராமணிக்காய், பெச்சாய்க் கீரை (பாக் சோய் போன்ற சீனக் கீரை) நான்கையும் தனியே வேகவைத்துக் கடைசியில் சேர்ப்பது நல்லது.

இதில் உப்பே போடுவதில்லை. ருசி பார்த்தால் சப்பென்று இருக்கும், பயந்து உப்புப் போட்டுவிடாதீர்கள். பூண்டு, வெங்காயம், தக்காளியோடு வதக்கிய பகோங் அலமாங்கைத் தட்டின் ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் தொட்டுக்கொண்டால்தான் அந்த உணவு முழுமையடையும். பகோங் கிடைக்காவிட்டால் மலேசிய இறால் விழுதான பெலாச்சானைக் கொஞ்சமாக எடுத்துத் தண்ணீரில் கரைத்து வதக்கலாம். அது கெட்டியானது, காரமான வாடை கொண்டது, அளவைப் பாதியாக்குங்கள்.

கீரையும் காயும்

பிக்கோல் பகுதியின் லைங், காயவைத்த சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் சமைப்பது. நூறு கிராம் காய்ந்த இலைக்கு இரண்டாம் பால் இரண்டு கப், இஞ்சி, பூண்டு, பகோங் அலமாங் மூன்று மேசைக்கரண்டி, காரமான சிறு மிளகாய் பத்து. பால் கொதித்ததும் இலையை மேலே பரப்பி அமுக்கிவிட்டு, அரை மணி நேரம் கிளறாமல் சிறு தீயில் விடுங்கள். பிறகு முதற்பால் ஒரு கப் விட்டு, எண்ணெய் பிரியும்வரை. சேம்பு இலையில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் தொண்டை அரிக்கும். ஈர இலையையும் அரைவேக்காட்டையும் தவிருங்கள். இலை சட்டியில் முழுக்கத் துவண்டு குழையும் முன்னால் யாரும் ருசி பார்க்க வேண்டாம்.

இலோக்கோஸ் பகுதியின் பினாக்பெத்திலும் கரண்டிக்கு இடமில்லை. பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, இஞ்சி எல்லாவற்றையும் அடுக்கி, பகோங் இஸ்தாவை அரை கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி மூடிவிட வேண்டும். நடுவில் பானையைப் பிடித்துக் குலுக்கலாம். கிளறினால் பாகற்காய் உடைந்து கசப்பு எல்லாக் காயிலும் ஏறும். காய்கள் சுருங்கி நிற்பதுதான் பதம், பெயரின் பொருளும் சுருங்கியது என்பதே.

தினோலா நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கும் இஞ்சிக் கோழிச்சாறு. இஞ்சியை வதக்கி, கோழியைப் பாதிஸோடு புரட்டி, பிறகு தண்ணீரும் பப்பாளிக்காயும். அணைத்த பிறகு முருங்கைக்கீரை. அங்கே அதற்குப் பெயர் மாலுங்காய், காதில் விழும்போதே நம் முருங்கை நினைவுக்கு வரும்.

விருந்து என்றால் முழுப் பன்றியைச் சுடும் லெச்சோன். செபுவில் வயிற்றுக்குள் எலுமிச்சம்புல்லும் பூண்டும் திணிப்பார்கள். பிறந்தநாளுக்கு நீண்ட ஆயுள் வேண்டிப் பன்சித் என்ற நூடுல்ஸ், பக்கத்தில் கலமான்சி என்ற சின்ன எலுமிச்சை வகை. அது இல்லாவிட்டால் எலுமிச்சையோடு கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு கலந்துகொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதோபோவைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்யுங்கள், மறுநாள் ருசி கூடும். மிஞ்சியதைப் பிய்த்து எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்து, அதே சட்டியில் பூண்டைப் பொன்னிறமாக்கி முந்தைய நாள் சோற்றை உதிர்த்துப் போட்டுப் புரட்டினால் சினங்காக், அவர்களுடைய காலைச் சாப்பாடு. சூடான சோறு வேண்டாம், குழைந்துவிடும்.