பூட்டிக் கிடந்த அத்தியாயம்

அன்புள்ள ஐயா,

நிறுவனம் ஒன்றின் நிதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்; இரண்டாம் ஆண்டு. நெறியாளர் கட்டுரை கேட்கிறார். மேலாளர் முன்மாதிரிக் கருவியைக் கேட்கிறார். இருவரிடமும் சரி என்றே சொல்லிவருகிறேன். நிறுவன வேலை ஆய்வைத் தின்றுவிடுகிறது. நேரத்தை எப்படிப் பிரிப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நேரக் கணக்கு ஒப்பந்தத்திலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள். என்னை உறுத்தியது ‘இருவரிடமும் சரி’ என்ற உங்கள் வரி. நானும் அப்படித் தலையாட்டியவன்தான்.

ஒப்பந்தத்தை எடுக்கும்போது வெளியீடு பற்றிய பத்தியையும் படியுங்கள். இதுவரை படித்திருக்க மாட்டீர்கள். நானும் படிக்கவில்லை. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்த பிறகுதான், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்வரை அதை வெளியே காட்டக்கூடாது என்றார்கள் எனக்கு நிதி தந்த நிறுவனத்தார். ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்தது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது: ஐரோப்பாவில் கண்டுபிடிப்பை முன்கூட்டியே பொதுவில் சொல்லிவிட்டால் புதுமை போய்விடும், காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவில், சொன்ன பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு சலுகை உண்டு. கருத்தரங்கில் பேசினாலும், பொது வாய்மொழித் தேர்வில் விளக்கினாலும் அது வெளியீடுதான். இதை முதல் மாதமே பேசியிருந்தால் விண்ணப்பம் என் எழுத்துக்கு முன்பே போயிருக்கும். நானோ நெறியாளரிடம் ஒன்றும் மேலாளரிடம் வேறொன்றும் சொல்லி, இருவரும் சந்திக்காமல் பார்த்துக்கொண்டேன். அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வேறு வைத்திருந்தேன்!

நிறுவன வேலை ஆய்வைத் தின்றுவிடுகிறது என்கிறீர்கள். அந்த வேலையே ஆய்வாக மாறிய கதை ஒன்று சொல்கிறேன். வில்லியம் சீலி காசெட் 1899இல் கின்னஸ் மதுபான ஆலையில் சேர்ந்தவர். வாற்கோதுமைச் சோதனைகளில் அவர் கையில் இருந்தவை சில அளவீடுகள் மட்டுமே. அவ்வளவு குறைவான தரவிலிருந்து எதை நம்பலாம் என்பது ஆலையின் கவலை. பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1906இல் லண்டனில் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனிடம் போய் உட்கார்ந்து அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார். 1908இல் கட்டுரை வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை விடாததால் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில். சில அளவீடுகளில் தெரியும் வேறுபாடு தற்செயலா, நம்பத்தக்கதா என்று பார்க்க இன்று நீங்கள் பொத்தானை அழுத்திச் செய்யும் டி-சோதனை அங்கிருந்து வந்ததுதான். எனவே, ‘நிறுவனத்தின் அற்பக் கேள்வி’ என்று என்னிடம் புலம்பாதீர்கள்.

ஆனால் காசெட்டுக்குப் புனைபெயர் போதுமாக இருந்தது. உங்களுக்குப் போதாது, பட்டம் உங்கள் பெயரில் வர வேண்டும்.

இந்த வாரமே இருவரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். நடுங்கினாலும் பரவாயில்லை. வெளியீட்டை நிறுத்திவைக்க எத்தனை நாள் என்று அந்தப் பத்தியில் போட்டிருக்கிறார்கள் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். எண் இல்லாமல் வெறுமனே ‘தேவையான காலம்’ என்று இருந்தால், கடிதம் வேண்டாம், உடனே தொலைபேசியில் கூப்பிடுங்கள்.