'ரொம்ப'வுக்கு ஹீப்ருவில் என்ன?

கேள்வி: என் தம்பி இஸ்ரேலுக்கு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறான். ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வைத்து ஹீப்ரு படிக்கிறான். 'டூ மச்', 'அட் லீஸ்ட்', 'மோர் ஆர் லெஸ்' என்று அளவு சொல்லும் இடங்களில்தான் தடுமாறுகிறான். நீங்கள் அங்கே வேலை பார்த்தவராமே, எப்படிச் சமாளித்தீர்கள் அக்கா?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் பரண்மேல் போடச் சொல்லுங்கள். ஹைஃபாவில் ஒரு பாட்டியோடு ஐந்து வருஷம் இருந்தேன். எனக்கு வந்த குழப்பத்தில் பாதி, ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனதால் வந்தது.

'ஆஸ் மச் ஆஸ் பாசிபிள்' என்பதை அங்கே 'கமா ஷெஎஃப்ஷார்' என்பார்கள். கமா என்றால் எவ்வளவு, எஃப்ஷார் என்றால் முடியும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு, நம்ம பேச்சேதான். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் 'அவ்வளவா இல்லை' என்று இழுப்போமே, அது 'லோ கோல் காஹ்'. என் சாம்பாருக்குப் பாட்டி போட்ட முதல் மார்க் அதுதான்.

'மோர் ஆர் லெஸ்' அங்கே தலைகீழ்: 'பஹோத் ஓ யோத்தேர்'. பஹோத் குறைவு, யோத்தேர் கூடுதல். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் 'கால் கிலோ கூடக்குறைய இருக்கும்' என்கிறோம். அவர்களுக்கு அது குறையக்கூட. 'லெஃபஹோத்' என்றால் குறைந்தபட்சம், 'லெஹோல் ஹயோத்தேர்' என்றால் அதிகபட்சம். மாத்திரை கொடுக்கிறவன் இந்த இரண்டையும் தூக்கத்தில் கேட்டாலும் மாற்றிச் சொல்லக் கூடாது.

அப்புறம் 'ரொம்ப'. நான் அடி வாங்கிய இடம். 'ரொம்ப சூடு' என்றால் நல்ல சூடு என்றும் எடுக்கலாம், தொட முடியாத சூடு என்றும் எடுக்கலாம். சொல்கிற முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஹீப்ருவில் இரண்டும் வேறு வேறு. 'மெஓத்' என்றால் மிகவும். அதுவும் பின்னால் வரும்: 'தோவ் மெஓத்', ரொம்ப நல்லது. சர்ச்சுக்குப் போகிற வீடு என்றால் தம்பிக்கு லேசாகப் பிடிபடும். ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் 'மிகவும் நன்றாயிருந்தது' என்று வருகிறதே, ஹீப்ருவில் அங்கே இருப்பது இதே இரண்டு வார்த்தைதான். அளவு மீறினால் 'யோத்தேர் மிடாய்'. 'டாய்' என்றால் போதும், 'மி' நம்ம 'விட'. போதும் என்பதைவிடக் கூட.

ஒருநாள் பாட்டி குளிக்கும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, கால் வைக்காதீர்கள் என்ற அர்த்தத்தில் 'ஹமீம் மெஓத்' என்றேன். பாட்டி, ஆஹா நல்ல சூடு என்று சந்தோஷமாகக் காலை விட்டுவிட்டார். கொப்புளம் வரவில்லை, திட்டு வந்தது. 'ஹமீம் மிடாய்' என்றிருக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் ஆங்கிலக்காரன் நம்மைவிடத் தெளிவு. அவனுக்கு 'வெரி' வேறு, 'டூ' வேறு.

அந்த 'டாய்' தனியாகவும் வரும். போன புதிதில் நான் டீ ஊற்ற ஊற்ற, பாட்டி 'டாய், டாய்' என்றார். என்னடா இது, பொம்பளையை 'டேய்' போட்டுக் கூப்பிடுகிறாரே என்று முறைத்துக்கொண்டே கப் வழிய ஊற்றிவிட்டேன். தம்பியிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.