“இன்னும் ஒரு கரண்டி” வேண்டாம் என்று சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 57, கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். புற்றுநோய்க்காகச் சென்ற ஆண்டு ஜிப்மரில் என் இரைப்பை முழுவதையும் அகற்றினார்கள். மனைவி, மகள், தம்பி மூவரும் இல்லாவிட்டால் நான் பிழைத்திருக்க மாட்டேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறாள். ஆனால் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் மார்பு படபடத்து, வியர்த்து, தலை சுற்றுகிறது. சொன்னால் மனம் உடைந்துவிடுவாள் என்று மறைக்கிறேன். இவர்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

பதில்: ஐயா, முதலில் அந்தப் படபடப்பை இன்றே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். ஜிப்மர் வார்டு வாசலில் உங்களுக்காக இரவெல்லாம் விழித்திருந்தவருக்கு இதைத் தாங்கும் மனம் நிச்சயம் உண்டு. நீங்கள் மறைப்பதால்தான், தன் சமையல் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று நம்பி அவர் இன்னும் ஒரு கரண்டி வைக்கிறார்.

நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் ‘டம்பிங் சிண்ட்ரோம்’. இரைப்பை உணவைத் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாகக் குடலுக்கு அனுப்பும் பானை. அது இல்லாததால் உணவு நேராகச் சிறுகுடலுக்குப் போய்விடுகிறது. இனிப்பும் மாவுச்சத்தும் மொத்தமாக இறங்கினால் குடல் உடலின் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் படபடப்பும் வியர்வையும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை இறங்கி, மறுபடியும் மயக்கம் வரும்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்து, நன்றாக மென்று உண்ணுங்கள். சாப்பாட்டுடன் தண்ணீர் குடிக்காமல், அரை மணி நேரம் முன்னோ பின்னோ குடியுங்கள். கரும்புச் சாறு, பாயசம், பண்ருட்டிப் பலாச்சுளை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். சோற்றைக் குறைத்து முட்டை, பருப்பு, காரம் குறைந்த குழம்பில் வெந்த மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். சங்கராவும் வஞ்சிரமும் கிடைக்கும் ஊரில் புரதத்துக்குக் குறையில்லை. சாப்பிட்ட பின் மல்லாந்து படுக்காமல் சாய்ந்து உட்காருங்கள். படுத்தால் பித்தநீர் மேலேறி நெஞ்சு எரியும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது உணவியல் நிபுணரையும் பாருங்கள். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அடுப்படி அவர் கையில் இருக்கிறது.

பி12 ஊசியை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். அந்த வைட்டமினை உடல் உறிஞ்சத் தேவையான பொருளைச் சுரந்தது இரைப்பைதான். கல்லீரலில் பழைய சேமிப்பு இருப்பதால் ஓரிரு ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. அதற்குள் “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று விட்டுவிட்டுப் பின்னர் கால் மரத்துப்போய், ரத்தசோகையோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. இது வாழ்நாள் முழுவதும் போட வேண்டிய ஊசி. இரும்புச்சத்து அளவையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

கைம்மாறு பற்றிக் கேட்டீர்கள். உங்கள் தம்பியையும் மகளையும் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ கிருமிக்கான பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். இரைப்பைப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான இக்கிருமி ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவக்கூடியது. நோயாளியின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிடச் சற்று அதிகம். மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். கிருமி இருந்தால் இரண்டு வார மாத்திரைகளில் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். தம்பிக்குப் புகைப்பழக்கம் இருந்தால் அதை விடச் சொல்லும் உரிமை உங்களைவிட யாருக்கு உண்டு? வீட்டில் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கச் சொல்லுங்கள். அதிக உப்பும் இந்நோய்க்குத் துணைபோகிறது.

விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, கருநிற மலம், எடை தொடர்ந்து இறங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் சீட்டில் எழுதிய தேதிவரை காத்திருக்காமல் உடனே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்களிடம் போய்க் காட்டுங்கள்.